பின்னால் இருக்கிறவருக்கும் ஒரு வளையம் இருக்கு

மோட்டார் சைக்கிளின் பின் ஷொக் அப்சோபரைக் குனிந்து பாருங்கள். ஸ்பிரிங்கின் ஒரு முனையில் படிக்கட்டு மாதிரி வெட்டின இரும்பு வளையம் ஒன்று இருக்கும். எங்கள் ஊரில் ஓடும் 100 சிசி, 125 சிசி பைக்குகள் பலவற்றில் அது உண்டு. அநேகமாக ஐந்து படி. பைக் வாங்கின நாளிலிருந்து விற்கும் நாள் வரை அதைத் திருப்பிப் பார்க்காதவர்கள்தான் கூட. திருப்பலாம் என்றே பலருக்குத் தெரியாது.

ஓட்டுகிறவருக்கு அதன் குறை பெரிதாகத் தெரியாது. அவர் பள்ளத்தை முதலே காண்கிறார், கைபிடியைப் பிடித்திருக்கிறார், காலை ஊன்றிக் கொஞ்சம் எழும்பிக் கொள்கிறார். பின்னால் இருப்பவருக்கு இந்த மூன்றும் இல்லை. சீட்டும் பின் சக்கரத்துக்கு நேர் மேலேதான். அடி முழுக்க முதுகெலும்புக்குப் போகிறது.

எங்கள் வீட்டில் பின்னால் இருப்பவர் உம்மா. 1990 ஒக்டோபர் 30 இல் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றப்பட்டபோது எங்களைக் கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு போனவர். புத்தளத்தில் எத்தனையோ வருஷம் இடுப்பில் குடம் வைத்துத் தண்ணீர் சுமந்தவர். அந்த முதுகோடுதான் திரும்பவும் ஊருக்கு வந்தார். மாதம் ஒருமுறை பெரியாஸ்பத்திரி கிளினிக். தூரம் இரண்டு மைல்கூட இல்லை. ஆனால் ஒழுங்கை முழுக்கக் குண்டும் குழியும். கைமாறி வந்த இந்த பைக்கில் முதல்தடவை போய் வந்த பிறகு உம்மா சொன்னது இதுதான்: "மருந்து முடிஞ்சா முடியட்டும் மகன், அடுத்த மாசம் நான் வரல்ல." சீனி வருத்தத்துக்கு மருந்து எடுக்கிற ஒருவர் இப்படிச் சொன்னால் விட்டுவிட முடியுமா?

வளையத்தைப் பார்த்தோம். முதலாம் படியில் இருந்தது. முன்பு வைத்திருந்தவர் தனியே ஓடியவர், அவருக்கு அது சரி.

இங்கே ஒரு பிழையான நம்பிக்கை இருக்கிறது. "படியைக் கூட்டினால் ஸ்பிரிங் இறுகும், இன்னும் அடிக்கும்" என்பார்கள். வகுப்பில் ஹூக்கின் விதி படிப்பிக்கிற எங்களுக்கு இதை விளக்குவது லேசு. ரொபர்ட் ஹூக் 1678 இல் வெளியிட்ட விஷயம்: ஸ்பிரிங் எவ்வளவு அமுங்குகிறதோ அந்த அளவுக்குத் திருப்பித் தள்ளும். 1 மில்லிமீற்றர் அமுங்க 3 கிலோ பாரம் தேவைப்படும் ஸ்பிரிங் என்று வையுங்கள். வளையத்தைத் திருப்பி அதை முன்கூட்டியே 10 மில்லிமீற்றர் அமுக்கி வைத்தால், முதல் 30 கிலோவுக்கு அது அசையாது. அதற்குப் பிறகு பழையபடி ஒவ்வொரு மில்லிமீற்றருக்கும் அதே 3 கிலோதான். ஸ்பிரிங்கின் இறுக்கம் மாறவில்லை, அது வேலை தொடங்கும் இடம்தான் மாறியது.

இரண்டு பேர் ஏறினதும் ஸ்பிரிங் பாதித்தூரம் இறங்கிவிட்டால், குழி வரும்போது இறங்க இடம் மிச்சம் இல்லை. ஷொக் அடிமுட்டும். அந்த "டக்" சத்தம்தான் உம்மாவின் முதுகு. ஆகவே பாரம் கூடும்போது படியைக் கூட்டினால் பயணம் மெதுவாகும். மாறாக, ஐந்தாம் படியில் வைத்துத் தனியே ஓடினால் பின்பக்கம் துள்ளும்.

சரியா என்று பார்க்க அளவு நாடா போதும். பைக்கை நடு ஸ்டாண்டில் ஏற்றி, பின் சக்கரம் தொங்கும்போது அச்சிலிருந்து நேர் மேலே சீட்டுக்குக் கீழே ஓர் அடையாளம் வரை அளக்க வேண்டும். பிறகு ஸ்டாண்டை எடுத்து, ஓட்டுகிறவரும் பின்னால் இருப்பவரும் ஏறி இருக்க, மூன்றாமவர் அதே தூரத்தை அளக்க வேண்டும். வித்தியாசம், சக்கரம் மேலும் கீழும் போகும் மொத்தத் தூரத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவில் இருந்தால் நல்லது. எங்கள் பைக்கில் மொத்தம் 9 சென்ரிமீற்றர். முதலாம் படியில் உம்மாவோடு நாலரை இறங்கியது. நாலாம் படியில் மூன்றேகால்.

திருப்பும்போது சில கவனங்கள். கொக்கி மாதிரி வளைந்த ஸ்பெனர் பைக்கின் சாமான் பையிலேயே வரும், இல்லாவிட்டால் கடையில் வாங்கலாம். உளியும் சுத்தியலும் வேண்டாம், படியின் விளிம்பு உடையும். நடு ஸ்டாண்டில் வைத்து, ஒவ்வொரு படியாக. ஒன்றிலிருந்து ஐந்துக்கு ஒரே பாய்ச்சலில் போகக் கூடாது. இரண்டு பக்கமும் ஒரே படியில் இருக்க வேண்டும். இருவர் போகும்போது பின் டயருக்குக் காற்றும் கூட வேண்டும், செயின் கவரிலோ கையேட்டிலோ அளவு இருக்கும். ஷொக்கில் எண்ணெய் கசிந்தாலோ, சீட்டை அமுக்கி விட்டதும் இரண்டு மூன்று தரம் ஆடினாலோ வளையத்தால் பயன் இல்லை, ஷொக்கை மாற்றத்தான் வேண்டும். ஸ்கூட்டி வைத்திருக்கும் ஆசிரியைகள் கவனிக்க: சிலவற்றில் ஒரு ஷொக்தான், சிலவற்றில் இந்த வளையமே இல்லை.

இன்னொன்று. பின்பக்கம் தாழ்ந்தால் ஹெட்லைட் மேலே பார்க்கும். மஃரிபுக்குப் பிறகு எதிரே சைக்கிளில் வருகிறவரின் கண்ணில் அடிக்கும். மூன்று நாலு பேரை ஏற்றுகிறவர்களுக்கு ஐந்தாம் படியும் உதவாது. பைக் செய்தது இருவருக்கு, சட்டமும் அதுதான்.

இப்போது கிளினிக் நாளுக்கு முதல் இரவு நாலாம் படி, வந்த பிறகு பழையபடி ஒன்று. பத்து நிமிட வேலை. உம்மா ஒரு மாதமும் தவறவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

உங்கள் பைக்கின் பின் சீட்டில் யார் இருக்கிறார்கள்? மனைவியா, வாப்பாவா, பள்ளிக்கூடம் போகிற பிள்ளையா? இறங்கினதும் ஒருதடவை கேளுங்கள், எங்கே அடித்தது என்று. அவர்களாகச் சொல்ல மாட்டார்கள். ஏற்றிக்கொண்டு போகிறவரிடம் குறை சொல்லக் கூடாது என்று நினைப்பார்கள்.