ஓடினால் ஊட்டி, நின்றால் வேலூர்!

2009-ல் அப்பா ரிட்டயர்மென்ட் பணத்தில் வாங்கிய கார். அதன் ஏ.சி.க்கு ஒரு விசேஷ குணம். ஈ.சி.ஆரில் ஓடினால் ஊட்டி. இந்திரா காந்தி சதுக்க சிக்னலில் நின்றால் வேலூர்! சில நாள் நின்றாலும் குளிரும். அதுதான் குழப்பமே.

ஒர்க்‌ஷாப்பில், ''கேஸ் கம்மி சார்'' என்றார்கள். நிரப்பினேன். ஒரே மாதத்தில் மறுபடி வேலூர். ''கம்ப்ரஸர் போச்சு'' என்று ஒரு தொகை சொன்னார்கள், தலை சுற்றியது.

''வித்துத் தொலைங்க'' என்றாள் மனைவி. அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டுப் பேசாமல் மாடிக்குப் போனார். எனக்குச் சுருக்கென்றது.

கடைசியாக, முத்தியால்பேட்டையில் ஒரு வயசான எலெக்ட்ரீஷியன். பானெட்டைத் திறந்து, ஏ.சி.யைப் போடச் சொல்லி வேடிக்கை பார்த்தார்.

''கண்டென்ஸர் ஃபேன் சுத்தலை, பாருங்க. ஓடும்போது எதிர்காத்து அந்த வேலையைச் செஞ்சிடுது. நின்னா சூடு வெளியே போக வழியில்லை. பிரஷர் ஏறினா கம்ப்ரஸர் தானே கட் ஆயிடும்.''

ஃபேனின் எர்த் வயர், கடல் உப்புக்காற்றில் பச்சை பூத்திருந்தது. குலுங்கும்போது தொட்டால் ஓடும்; தொடாவிட்டால் நிற்கும்! புது வயர் போட்டார். கூலியோடு 300 ரூபாய்.

''கேஸ் என்ன பெட்ரோலா சார், எரிஞ்சு தீர? ஒரே மாசத்துல குறைஞ்சா எங்கேயோ ஒழுகுது. அதைத் தேடாம நிரப்பினா தண்டம்.''

கணக்கு டேலி ஆகாவிட்டால், தப்பைத் தேடாமல் சஸ்பென்ஸ் அக்கவுன்ட்டில் தள்ளுவோமே... பி.காம். படித்த நான் காரிலும் அதைத்தான் செய்திருக்கிறேன்!

மாலை அப்பாவோடு கிளம்பினேன். அதே சிக்னல். சிவப்பு. ஜில்லென்று காற்று.

''கொஞ்சம் குறைடா, குளிருது'' என்றார் அப்பா.