‘இப்போது புறப்படாதே’ என்றவருக்கு

மதிப்பிற்குரிய லாவ்ஷி (ஆசிரியரே),

இந்த மடலை உங்களால் படிக்க முடியாது. ஆங்கிலத்தில் எழுதி வீசாட்டில் அனுப்பியிருந்தால் உடனே பதில் போட்டிருப்பீர்கள், என் பிழைகளையும் திருத்தியிருப்பீர்கள். ஆனாலும் தமிழில், எல்லாரும் பார்க்கவே எழுதுகிறேன். பட்டம் முடித்த கையோடு சீனாவுக்கு ஆங்கிலம் கற்பிக்கப் போகலாமா என்று ரொறன்ரோவின் ஸ்காபரோவில் கேட்கும் பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் உங்களைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும்.

2018இல் நானும் அப்படி ஒருத்திதான். கையில் இளங்கலைப் பட்டமும் 120 மணிநேரப் பயிற்சிச் சான்றிதழும் இருந்தன. அனுபவம் இல்லை. சீன விதிப்படி வெளிநாட்டு மொழி ஆசிரியர் தன் தாய்மொழியைக் கற்பிப்பவராக, பட்டதாரியாக, இரண்டாண்டு அனுபவம் உள்ளவராக இருக்கவேண்டும். பயிற்சிச் சான்றிதழ் இருந்தால் அந்த இரண்டாண்டை விட்டுக்கொடுப்பார்கள். தாய்மொழி எது என்று தீர்மானிப்பது நடைமுறையில் கடவுச்சீட்டு. அமெரிக்கா, பிரித்தானியா, கனடா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, அயர்லாந்து, தென்னாபிரிக்கா என்பதே வழக்கமான பட்டியல். யாழ்ப்பாணத்தில் ஆயுள் முழுக்க ஆங்கிலம் படிப்பித்த என் பெரியம்மாவுக்கு இந்தக் கதவு திறந்திருக்காது. எட்டு வயதில் கனடா வந்து ஆங்கிலம் பழகிய எனக்குத் திறந்தது. சிரிப்புத்தான் வருகிறது, ஆனால் அதில் பயனடைந்தவள் நான்.

அந்தப் பயனும் புகைப்படம் கேட்கும் வரைக்கும்தான். விண்ணப்பத்தோடு படம் அனுப்பச் சொல்வது அங்கே சாதாரணம். வெளிநாட்டவர் போலத் தோற்றமளிக்கும் ஆசிரியரைத்தான் பெற்றோர் விரும்புகிறார்கள் என்று ஒரு முகவர் பண்போடு எழுதினார். இன்னொருவர் சம்பளம் வரை பேசிவிட்டு, படம் போனதும் காணாமல் போனார். மூன்றாமவருக்கு என் நிறம் ஒரு பொருட்டில்லை. அவருக்கு அவசரம். வணிக விசாவில் உடனே வந்துவிடு, வேலை விசாவாகப் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்றார். பெரிய நகரத்துப் பயிற்சி நிலையம், நல்ல சம்பளம். விமானச்சீட்டு விலையைப் பார்த்து வைத்திருந்தேன்.

அப்போதுதான் சிச்சுவானின் யிபின் நகரத்துப் பள்ளி ஒன்றிலிருந்து நீங்கள் அழைத்தீர்கள். பாடநூலில் ஒரு பக்கத்தை அனுப்பினீர்கள். “ஐம்பதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள், நாற்பது நிமிடம். எல்லாரும் ஒருமுறையாவது வாய் திறக்கவேண்டும். என்ன செய்வாய்?” நான் சொல்லச் சொல்லக் குறுக்கே கேட்டீர்கள். கடைசி வரிசைக்குக் கேட்குமா? கூச்சப்படுகிற பையனை யாரோடு சேர்ப்பாய்? அதுவரை என்னை ஆசிரியராக நினைத்து எவரும் ஒரு கேள்வி கேட்டதில்லை.

முகவர் சொன்னதை உங்களிடம் சொன்னேன். உங்கள் குரல் மாறிவிட்டது. வணிக விசாவில் பாடம் எடுத்தால் அது சட்டவிரோத வேலை என்றீர்கள். 2013 ஜூலையில் நடைமுறைக்கு வந்த வெளியேறல், நுழைவுச் சட்டத்தில் 5,000 முதல் 20,000 யுவான் வரை அபராதம் இருக்கிறது. கடுமையான சந்தர்ப்பத்தில் 5 முதல் 15 நாள் வரை தடுப்புக்காவல். நாட்டைவிட்டு அனுப்பவும் செய்யலாம். “பொலிஸ் வகுப்புக்குள் வந்தால் அங்கே நிற்பது நீ, முகவர் இல்லை. எங்கள் பள்ளிக்கு வராவிட்டாலும் சரி, இப்போது புறப்படாதே.” ஆசிரியர் தட்டுப்பாட்டில் இருந்த ஒரு பள்ளியின் துறைத் தலைவி இப்படிச் சொல்ல என்ன தேவை என்று இன்றும் யோசிப்பதுண்டு.

பிறகு பத்திரங்களோடு அலைச்சல். பட்டத்தை நொத்தாரிசிடம் கொடுத்து, கனடிய அரசிடம் உறுதிப்படுத்தி, ரொறன்ரோ சென்ஜோர்ஜ் வீதிச் சீனத் துணைத் தூதரகத்தில் முத்திரை வாங்கவேண்டும். பொலிஸ் நற்சான்றுக்கும் அதே சுற்று. (அப்போஸ்டில் உடன்படிக்கை 2023 நவம்பரில் சீனாவிலும் 2024 ஜனவரியில் கனடாவிலும் நடைமுறைக்கு வந்தபின் இந்தச் சுற்று குறைந்துவிட்டது. இப்போது போகிறவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.) செப்டெம்பரில் பள்ளி தொடங்கியும் பணி அனுமதிக் கடிதம் வரவில்லை. எனக்கு உங்கள்மேல் எரிச்சல். அந்த நாட்களில் என் பாடவேளைகளையும் சேர்த்து நீங்களே எடுத்தீர்கள் என்பதை வந்துசேர்ந்த பிறகு வேறொரு ஆசிரியர்தான் சொன்னார்.

வந்த 24 மணிநேரத்துக்குள் பொலிஸ் பதிவு, 30 நாளுக்குள் வதிவிட அனுமதிக்கு விண்ணப்பம், மருத்துவப் பரிசோதனை என எல்லாவற்றுக்கும் கூடவே நடந்தீர்கள். எண்ணெயும் மிளகாயும் வேர்க்கடலையும் போட்டுப் பிரட்டிய யிபின் நூடில்ஸை வாங்கித் தந்து, என் கண் கலங்குகிறதா என்று பார்த்தீர்கள். கலங்கவில்லை. யாழ்ப்பாணத்து நாக்கு.

வகுப்புத்தான் கலங்கவைத்தது. காவ்காவ் என்ற பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் ஆங்கிலத்துக்கு 150 மதிப்பெண். ஆனால் பெரும்பாலான மாகாணங்களில் வாய்ப்பேச்சு அந்தக் கணக்கில் சேராது. இரவு பத்து மணி வரை படிக்கும் பிள்ளைகளுக்கு என் பாடவேளை ஓய்வு நேரம். மேசைக்கடியில் 3,500 சொல் கொண்ட தேர்வுப் பட்டியலை மனனம் செய்துகொண்டிருப்பார்கள். நீங்கள் வந்து கடைசி வரிசையில் அமர்ந்தீர்கள், கை உயர்த்தினீர்கள். உங்கள் மாணவர்களின் முன்னாலேயே தடுமாறி ஆங்கிலம் பேசினீர்கள், சொல் கிடைக்காமல் நின்றீர்கள், என்னிடம் கேட்டீர்கள். துறைத் தலைவியே தடுமாறலாம் என்றால் தங்களுக்கென்ன என்று பிள்ளைகளுக்குத் துணிவு வந்தது. 1982இல் சீன மத்தியத் தொலைக்காட்சியில் வந்த பிபிசியின் ‘ஃபாலோ மீ’ நிகழ்ச்சியைப் பக்கத்து வீட்டில் நெருக்கியடித்துப் பார்த்து ஆங்கிலம் தொடங்கியவர் நீங்கள் என்று பிறகு சொன்னீர்கள். அப்படிப் பார்த்துக்கொண்டிருந்த யாருக்கும் அந்த வயதில் ஆங்கிலத்தில் பேச ஆள் கிடைக்கவில்லையாம். வகுப்பில் உங்கள் பிடிவாதம் எதற்கென்று அன்று விளங்கியது.

2020இல் சீனப் புத்தாண்டு வசந்தவிழா விடுமுறைக்கு ரொறன்ரோ வந்தேன். கொரோனாவால் மார்ச் 28 முதல் வெளிநாட்டவருக்குச் சீன எல்லை மூடப்பட்டது. என் அறைப் பொருட்களைப் பெட்டி கட்டி அனுப்பினீர்கள், உள்ளே பிள்ளைகளின் கடிதங்களையும் வைத்து. 2021 ஜூலையில் சீன அரசின் ‘இரட்டைக் குறைப்பு’ ஆணை வந்து, பள்ளிப் பாடங்களுக்கான தனியார் வகுப்புகளை வார இறுதியிலும் விடுமுறையிலும் தடைசெய்தது. நியூ ஓரியன்டல் என்ற தனியார் பயிற்சி நிறுவனத்தின் நிறுவனர் யூ மின்ஹோங், 60,000 பேரை வேலையிலிருந்து அனுப்பியதாகச் சொன்னார். நான் சீட்டு விலை பார்த்துவைத்த அந்த நிலையமும் அந்த வருடமே மூடிவிட்டதாகக் கேள்வி.

இப்போது நான் இங்கே புதுக் குடிவரவாளருக்கு ஆங்கிலம் கற்பிக்கிறேன். போன மாதம் ஒரு பிள்ளை தனக்கு வந்த ஒப்பந்தத்தைக் காட்டினாள். வணிக விசாவில் வா, பிறகு மாற்றலாம் என்ற அதே பேச்சு. பணி அனுமதியில் எந்த நிறுவனத்தின் பெயர் வரும், எந்த நகரத்தின் பெயர் வரும் என்று எழுத்தில் கேள் என்றேன், கிடைக்கும்வரை சீட்டு எடுக்காதே என்றேன். என்மேல் அவளுக்குக் கோபம். அவளிடம் உங்கள் வீசாட் முகவரியைக் கொடுக்கலாமா, லாவ்ஷி?


உங்கள் பழைய ஆங்கில ஆசிரியை