ஆட்டுக்குப் பின்னால் ஓட்ட ஒரு வண்டி

நியூசிலாந்தின் தென் தீவில், டிமாரு துறைமுகத்தை விட்டு மேற்கே மலைப்பக்கம் ஒரு மணி நேரம் காரில் போனால் ஃபேர்லி என்ற சிற்றூர் வரும். அதையும் தாண்டி, பர்க்ஸ் கணவாய்ச் சாலையிலிருந்து பிரியும் சரளைக்கல் பாதையில் ஏறினால் நான் பார்க்கப்போன செம்மறி ஆட்டுப் பண்ணை. கூட்டிப்போனவர் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்து, இப்போது டிமாருவில் வேலை பார்க்கும் நண்பர். சொந்த ஊர் காங்கேயம் பக்கம். "நம்ம கொரங்காடு மாதிரிதாங்கண்ணா. கிளுவை வேலிக்குப் பதிலா கம்பி, அவ்வளவுதான். ஒரு காடு மேஞ்சதும் அடுத்த காட்டுக்கு மாத்தி விடணும்" என்று வழியிலேயே சொல்லிவிட்டார். கொரங்காடு ஏறக்குறையச் சமதளம். இந்தப் பண்ணையில் வீட்டு வாசலைத் தவிரச் சமதளம் என்று எதுவும் என் கண்ணில் படவில்லை.

பண்ணைக்காரர் அறுபதைத் தாண்டியவர். மகள் பொறுப்பை எடுத்துக்கொண்டிருக்கிறார். அப்பாவின் பைக் தேய்ந்துவிட்டதால் புதிதாக ஒன்று வாங்க வேண்டும். எது என்பதில்தான் தகராறு. கொட்டகை வாசலில் மூன்று வண்டிகள் நின்றன. ஒன்று, அப்பா ஓட்டும் யமஹா ஏஜி200. இன்னொன்று, கிறைஸ்ட்சர்ச்சுக்கு வேலைக்குப் போன மகளின் தம்பி விட்டுப்போன 250 சிசி எண்டூரோ, அதாவது காட்டுப்பாதைப் பந்தயத்துக்கென்றே செய்த பைக். மூன்றாவது, ஓட்டிப் பாருங்கள் என்று டீலர் அனுப்பியிருந்த 150 சிசி டிரெயில் வண்டி. மகளுக்கு எண்டூரோ மேல்தான் கண். சும்மா நிற்கிறது, காசு கொடுக்க வேண்டியதில்லை, ஏற்றத்தில் பறக்கிறது.

ஆடு மேய்க்க பைக் எதற்கு என்று நம் ஊரில் கேட்பார்கள். இராமநாதபுரத்துக் கீதாரி மந்தையோடு நடக்கிறார். இரவு ஒருவர் வயலில் கிடை, விடிந்தால் அடுத்த ஊர். மந்தை நகர்வதால் ஆளும் கூடவே நகர்கிறார். இங்கே மந்தை வேலிக்குள் கிடக்கிறது, ஆள்தான் அதைத் தேடிப் போக வேண்டும். நியூசிலாந்தில் 1982-ல் ஏழு கோடி ஆடுகள் இருந்தன. இன்று இரண்டரைக் கோடிக்கும் கீழே. ஆடு குறைந்ததைவிட வேகமாக ஆள் குறைந்துவிட்டது என்பது பண்ணைக்காரரின் கணக்கு. இந்தப் பண்ணையில் சுமார் மூவாயிரம் ஆடுகளுக்கு அப்பாவும் மகளும் நாய்களும்தான். தண்ணீர்த் தொட்டி பார்க்க, கம்பி அறுந்த இடம் பார்க்க, மல்லாந்து கிடக்கும் ஆட்டைப் புரட்டி நிறுத்த என்று ஒரு நாளைக்கு எத்தனை தடவை மேலே போய் வருகிறார்கள் என்பதை அவர்களே எண்ணுவதில்லை.

கொட்டகை மூலையில் நான்கு சக்கர குவாட் ஒன்றும் இருந்தது. பின்னால் வளைந்த இரும்புச் சட்டம் போட்டது. குவாட் சரிவில் கவிழ்ந்தால் ஓட்டுபவர் மேலேயே விழும். ஆஸ்திரேலியாவில் இப்படிச் செத்தவர்கள் அதிகமாகி, 2021 அக்டோபர் முதல் புதிதாக விற்கும் ஒவ்வொரு பண்ணை குவாட்டிலும் இந்தப் பாதுகாப்புச் சட்டம் கட்டாயம் என்று விதி வந்தது. ஹோண்டா, யமஹா போன்ற பெரிய கம்பெனிகள் அந்தச் சந்தையே வேண்டாம் என்று விலகின. இந்த வீட்டில் குவாட்டைச் சமமான இடத்தில் தீவனம் இழுக்க மட்டும் எடுக்கிறார்கள். சரிவுக்கு இரு சக்கரம்தான். அது விழுந்தாலும் பெரும்பாலும் ஆள் ஒரு பக்கம், வண்டி ஒரு பக்கம்.

பெரியவர் வைத்த முதல் பரீட்சை ஓட்டுவதில் இல்லை. புல்லில் ஒரு பழைய சாக்கை விரித்து, டீலரின் வண்டியை அதன்மேல் படுக்க வைத்தார். "தூக்கு" என்றார் மகளிடம். மகள் ஹேண்டிலை முழுதாகத் திருப்பினார். வண்டிக்கு முதுகைக் காட்டி, இருக்கையின் ஓரத்தில் இடுப்பைக் கொடுத்து, காலால் உந்தி நிறுத்தினார். அடுத்து ஏஜி200. அதுவும் எழுந்தது, ஒரு முனகலோடு. இந்த வகை வண்டிகள் பெட்ரோலோடு 120, 130 கிலோ வரும். நம் ஊர் எக்ஸ்பல்ஸ் 200 அதைவிடச் சுமார் முப்பது கிலோ கூடுதல். பழைய ஹிமாலயன் இருநூறு கிலோவை ஒட்டியது. சாலையில் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. ஈரப்புல்லில், செங்குத்தான சரிவில், பக்கத்தில் ஆளே இல்லாமல் வண்டி கிடக்கும்போது தெரியும். கூடவே கம்பிச்சுருளும் மருந்துக் கேனும் கட்டியிருக்கும்.

எண்டூரோ இரண்டையும்விட லேசு. தூக்குவதில் அதுதான் முதல் மார்க். ஆனால் அதன் இருக்கை தரையிலிருந்து 95 செ.மீ. உயரம். மகள் உட்கார்ந்தால் ஒரு பக்கம் கால் விரல் மட்டும்தான் ஊன்றுகிறது. பக்கச் சரிவில் கீழ்ப்பக்கக் கால் எட்டவே எட்டாது.

வண்டித் தகராறைப் பேச்சில் தீர்க்க முடியாது என்று மந்தையை மாற்றக் கிளம்பினார்கள். மகள் எண்டூரோவில், பெரியவர் ஏஜி200-ல், நானும் நண்பரும் பின்னால் நடை. ஆடுகள் பெரண்டேல் இனம். மாஸி கல்லூரியின் ஜெஃப்ரி பெரன், ராம்னியையும் செவியட்டையும் கலந்து மலைக்காட்டுக்கென்று உருவாக்கியது. நன்றாக ஏறும், கவனிப்பு அதிகம் கேட்காது, ஆனால் சட்டென்று மிரளும்.

மிரண்டது. எண்டூரோ இரண்டு ஸ்ட்ரோக் வண்டி; அதன் சத்தத்தைக் கேட்டதும் மந்தையின் பின்வரிசை முன்வரிசைமேல் ஏறியது. மெதுவாகப் போகலாம் என்றால் அந்த வண்டியால் முடியவில்லை. அதன் முதல் கியர் பந்தயக்காரனுக்கு வைத்தது. ஆடு நடப்பது மணிக்கு மூன்று, நான்கு கிலோமீட்டர். அந்த வேகத்தில் போக மகள் கிளட்சை அரைகுறையாகப் பிடித்துக்கொண்டே இருந்தார். விட்டால் வண்டி பாயும், பிடித்தால் நிற்கும். ரேடியேட்டர் கொதித்து ஆவி வந்தது. இறக்கத்தில் இன்னும் மோசம். இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினில் ஆக்சிலேட்டரை விட்டால் எஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்துவது கொஞ்சம்தான், முழுக்க பிரேக்கை நம்பி இறங்க வேண்டும். ஈரப்புல்லில் அதிகம் பிரேக் பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும்.

பெரியவர் மந்தைக்கு நேர் பின்னால் போகவே இல்லை. இடமிருந்து வலம், வலமிருந்து இடம் என்று வளைந்து வளைந்து போனார். ஆட்டின் தோளுக்குப் பின்னால் ஆள் தெரிந்தால் அது முன்னே நடக்கும். தோளைத் தாண்டி ஆள் முன்னால் வந்துவிட்டால் திரும்பிக்கொள்ளும். ஓர் ஆட்டுக்கு மட்டுமல்ல, மந்தை முழுவதற்கும் இது பொருந்தும். நெருங்கினால் நகரும், விலகினால் நிற்கும். அவர் செய்ததெல்லாம் நெருங்குவதும் விலகுவதும்தான். ஏஜி200 முதல் கியரில், கிளட்சைத் தொடாமலே, டுக் டுக் என்று நடந்தது. நான்கு ஸ்ட்ரோக், காற்றில் குளிரும் எஞ்சின். இறக்கத்தில் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொண்டது.

பின் கேரியரில் பலகை அடித்து, ரப்பர் விரிப்பு ஒட்டியிருக்கிறது. அது நாய்க்கு. ஹன்ட்அவே என்று இந்த நாட்டிலேயே உருவான நாய், குரைத்தே மந்தையைத் தள்ளும். முப்பது கிலோ இருக்கும். இன்னொன்று குரைக்காமல் சுற்றி முன்னால் போய் மறிக்கிற வகை. ஏற்றம் முடியும்வரை ஹன்ட்அவே பலகையில் உட்கார்ந்து வந்தது. பெரியவர் ஒரு விசில் அடித்ததும் குதித்து வேலையில் இறங்கியது. நாய் களைத்துப்போனால் மேல்காட்டில் வேலை நின்றுவிடும். ஆகவே நாய்க்கு இருக்கை இல்லாத வண்டி இங்கே பாதி வண்டி. எண்டூரோவின் பின்பக்கம் கத்தி மாதிரி மெலிந்தது. அதில் பூனை உட்காருவதே கஷ்டம்.

எனக்கு அதிகம் பிடித்தது கேட்டுகளில் நடந்ததுதான். ஒரு மேய்ச்சல் காட்டிலிருந்து அடுத்ததுக்குப் போக இரும்புக் கேட், அதற்குச் சங்கிலிக் கொக்கி. அந்தக் காலையில் கடந்தவை பத்துக்கு மேல் இருக்கும். ஏஜி200-ன் கிளட்ச் லீவரில் கட்டைவிரல் அளவு ஒரு கொக்கி இருக்கிறது. கிளட்சைப் பிடித்து அதைத் தட்டினால் லீவர் அப்படியே நிற்கும். வண்டி கியரிலேயே இருக்க, எஞ்சின் ஓட, ஆள் இறங்கலாம். ஸ்டாண்டும் இரண்டு பக்கமும் உண்டு, சேற்றில் புதையாத அகலப் பாதத்தோடு. சரிவில் வண்டியை எப்போதும் மேட்டுப்பக்கம் சாய்த்துத்தான் நிறுத்த வேண்டும். மேடு எந்தப் பக்கம் வரும் என்று முன்கூட்டியே யாருக்குத் தெரியும்? பெரியவர் கொக்கியைத் தட்டி, மேட்டுப்பக்க ஸ்டாண்டை இறக்கி, கேட்டைத் திறந்து, ஏறிப் போய், திரும்பச் சாத்திவிட்டு மந்தைப் பக்கம் பார்ப்பதற்குள், மகள் எண்டூரோவை எங்கே சாய்ப்பது என்று வேலிக்கம்பம் தேடிக்கொண்டிருந்தார்.

மத்தியானத்துக்கு மேல் மகள் டீலரின் டிரெயில் வண்டியை எடுத்தார். நல்ல வண்டி என்று நானும் சொல்வேன். கால் எட்டுகிறது, மெதுவாகப் போகிறது, ஆடும் மிரளவில்லை. முன் சக்கரத்தில் டிஸ்க் பிரேக். ஏஜி200-ல் இரண்டும் டிரம். ஓடையைக் கடந்து ஏறினால் கொஞ்ச தூரத்துக்குப் பிடிப்பு இருக்காது. "பார்த்தீர்களா?" என்று அப்பாவை ஜெயித்துவிட்ட மாதிரி சிரித்தார் மகள்.

பெரியவர் குனிந்து சங்கிலியைக் காட்டினார். திறந்த சங்கிலி, மணலும் சேறும் அப்பி அரைத்துக்கொண்டிருந்தது. ஏஜி200-ன் சங்கிலி முழு மூடிக்குள் எண்ணெயோடு ஓடுகிறது. நம்மூர் ஸ்பிளெண்டர்க்காரர்களுக்கு மூடியின் அருமை தெரியும். தினமும் சேற்றில் ஓடுகிற வண்டிக்கு அது இன்னும் பெரிய காசு. டிரெயில் வண்டிக்கு ஸ்டாண்டும் ஒரு பக்கம்தான். கிளட்ச் கொக்கி கிடையாது, ஒவ்வொரு கேட்டிலும் நியூட்ரல் தேட வேண்டும். நியூட்ரல் என்பது அவசரத்தில் அகப்படாத கியர்.

டயர் விஷயத்தில் மட்டும் இருவருக்கும் சண்டை இல்லை. மலையில் மட்டகவுரி என்ற முட்புதர் எங்கும் கிடக்கிறது. சாதா டியூப் ஒரு வாரம் தாங்காது. தடித்த டியூப் போட்டு, பிடிப்புக்காகக் காற்றைக் குறைத்து ஓட்டுகிறார்கள். புல்மேட்டுக்குள் முயல் வளை மறைந்திருப்பதால் முன் சக்கரம் எப்போது வேண்டுமானாலும் விழலாம். ஹெல்மெட்டை மகள் மட்டும் போடுகிறார். அப்பாவுக்குக் கம்பளித் தொப்பிதான். இந்த ஒரு விஷயத்தில் நான் முழுக்க மகள் கட்சி. நண்பர் அதை என்னைவிடக் கடுமையாகவே பெரியவரிடம் சொன்னார்.

சமையலறை மேசையில் டீ வந்தபோது முடிவும் வந்துவிட்டது. புது ஏஜி200. டிரம் பிரேக்கைச் சகித்துக்கொள்வதாக மகள் ஒத்துக்கொண்டார். பதிலுக்கு, குட்டி போடும் வசந்தகாலம் வருவதற்குள் அப்பா ஹெல்மெட் போட வேண்டும். பணம்? எண்டூரோவை விற்று. மகள் அங்கேயே தம்பிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். மறுமுனையில் கொஞ்ச நேரம் கத்தல். அப்புறம், எவ்வளவுக்குப் போகும், தனக்கு எவ்வளவு பங்கு என்ற பேச்சு. பாதிக்கு மேல் தர முடியாது என்று மகள் பிடிவாதமாக இருந்தார்.

"பழைய வண்டியை எக்ஸ்சேஞ்சில் போட்டுவிடலாமே, இன்னும் குறையுமே" என்று நண்பர் யோசனை சொன்னார். பெரியவர் டீயை ஒரு மிடறு குடித்துவிட்டு, அது உதிரி பாகங்களுக்கு வேண்டும் என்றார்.