ஓரத்திற் செல்வோர்

கிழக்கிலங்கையின் பேச்சு வழக்கிற் ‘பாதை’ என்னும் சொல்லுக்கு, வழி என்ற பொருளோடு இன்னொரு பொருளும் உண்டு. ஆற்றையோ களப்பையோ கடப்பதற்காக மனிதரையும் வாகனங்களையும் ஒருங்கே ஏற்றிச் செல்லும் மிதவையையும் எம்மவர் ‘பாதை’ என்றே வழங்கினர். “பாதை அந்தக் கரையில நிக்குது” என்று ஒருவர் சொல்லக்கேட்ட தமிழக நண்பர் ஒருவர், பாதை எவ்வாறு ஒரு கரையில் நிற்கும் என்று வியந்தது என் நினைவில் உள்ளது. திருகோணமலையிலிருந்து மட்டக்களப்புக்குச் செல்லும் ஏ15 வீதி ஒரு காலத்தில் இத்தகைய பாதைகளால் தொடுக்கப்பட்ட வீதியாகவே இருந்தது. கிண்ணியா, உப்பாறு, கங்கை, இறால்குழி என ஒவ்வொரு துறையிலும் வீதி தண்ணீரில் முடிந்து மறுகரையில் மீண்டும் தொடங்கும். அவ்வாறு தொடங்கித் தொடங்கி மூதூரைத் தாண்டித் தெற்கே வந்தால் எங்கள் கிளிவெட்டி.

வேகத்தைப் பற்றியும் வீதி மரியாதையைப் பற்றியும் எழுதப் புகுந்தவன் மிதவையைப் பற்றிப் பேசுவதற்குக் காரணம் உண்டு. துறையில் வந்த ஒழுங்கிலேயே வாகனங்கள் ஏறும். நோயாளியை ஏற்றிய வண்டிக்கு மட்டும் எல்லோரும் விலகி இடங்கொடுப்பர். இயந்திரத்தை நிறுத்திச் சாரதி கீழே இறங்குவான். வெற்றிலையோ பீடியோ கைமாறும். இதில் நுட்பமான ஒன்று அடங்கியிருந்தது. வழியில் ஒருவனை முந்தி வந்தவன், துறையில் அவனையே மீண்டும் சந்திக்க வேண்டியிருந்தது. முந்தியதால் வந்த இலாபம் ஒன்றுமில்லை. முரட்டுத்தனமாக முந்தியிருந்தால் முகங்கொடுக்க வேண்டிய சங்கடம் மட்டும் மிஞ்சும். எங்கள் வீதியின் மரியாதையை அக்காலத்திற் காத்தவை போக்குவரத்துச் சட்டங்கள் அல்ல, ஆறுகளே என்று நான் கருதுவதுண்டு.

2009 ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்திற் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. 396 மீற்றர் நீளங் கொண்ட அப்பாலம் திறக்கப்பட்ட வேளையில் நாட்டின் மிக நீண்ட பாலமாக விளங்கிற்று. ஏனைய துறைகளிலும் பாலங்கள் எழுந்தன. வீதி ‘காபெட்’ இடப்பட்டுக் கறுத்து மினுங்கிற்று. இதனைக் குறைகூறுவது நன்றியீனமாகும். பிரசவ வேதனையோடு துறையிற் காத்திருந்த பெண்களின் கதைகள் எங்கள் ஊரிற் பல உண்டு. போர்க்காலத்தில் இதே வீதியின் வேகத்தைச் சோதனைச் சாவடிகள் தீர்மானித்தன. அந்த மந்தகதியை எவரும் மரியாதை என்று கொள்ளார். ஆகவே விரைந்து செல்லும் உரிமை எங்கள் மக்களுக்குக் காலந்தாழ்த்திக் கிடைத்தது. ஆனால் முந்தியவனும் முந்தப்பட்டவனும் மீண்டும் சந்திக்கும் துறை இப்போது இல்லை.

நெடுஞ்சாலைத் தட ஒழுக்கம் என்று உலகம் பேசுவது மிக எளிமையானது. இடப்பக்கமாகச் செல்லும் நாட்டில் இடத்தடத்தில் ஓடு. முந்துவதற்கு மட்டும் வலத்தடத்தை எடு. முந்தியதும் திரும்பி வா. 2011 நவம்பரில் தெற்கு அதிவேக நெடுஞ்சாலை திறக்கப்பட்டபோது இவ்விதி இலங்கையருக்குப் புதிதாக அறிமுகமாயிற்று. அங்கே இன்றும் வலத்தடத்தில் ஆறுதலாக ஓடிப் பின்வருவோரின் பொறுமையைச் சோதிப்போர் உளர். பிரித்தானியாவில் நடுத்தடத்தை விட்டு நகராத சாரதிகளுக்கு 2013 முதல் அவ்விடத்திலேயே தண்டம் விதிக்கப் பொலிசாருக்கு அதிகாரம் வழங்கப்பட்டது. ஜேர்மனியில் வலப்பக்கம் ஓடவேண்டிய கடமை சட்டத்திலேயே எழுதப்பட்டுள்ளது. (நாம் சிறு தெருவை ‘ஒழுங்கை’ என்கிறோம். அதிவேகச் சாலையின் தடத்துக்கும் அச்சொல்லையே வைத்திருந்தால் ஒழுங்கு அதன் பெயரிலேனும் இருந்திருக்கும்.) இவ்விதிகள் யாவற்றுக்கும் அடியில் ஒரு முற்கோள் உண்டு: வீதியில் உள்ளோர் யாவரும் ஏறத்தாழச் சமமானவர். அதிவேக நெடுஞ்சாலையில் நடப்போருக்கும் துவிச்சக்கர வண்டிக்கும் முச்சக்கர வண்டிக்கும் இடமில்லை. மெலியோரை முதலில் வெளியேற்றிவிட்டு, எஞ்சியோர் தமக்குள் மரியாதை பேசிக்கொள்ளும் இடம் அது.

கிளிவெட்டியில் எவரையும் வெளியேற்ற முடியாது. அதிகாலையிற் பட்டியிலிருந்து மேய்ச்சலுக்குப் போகும் மாடுகள், மண்வெட்டியைக் குறுக்கே கட்டிய துவிச்சக்கர வண்டிகள், இரும்புச் சக்கரம் பூட்டிய உழவு இயந்திரம், மூவர் நால்வராய்ப் பேசிக்கொண்டு போகும் பாடசாலைப் பிள்ளைகள் என யாவருக்கும் உரியது ஒரே வீதி. போக ஒரு தடம், வர ஒரு தடம். பெரும்போக அறுவடைக் காலத்தில் அதிலும் ஒரு தடத்தை நெல் எடுத்துக்கொள்ளும். களத்தைவிடக் காபெட் வீதியில் நெல் விரைவாகக் காய்கிறது. விரித்த நெல்லின் ஓரத்திற் கல்லையோ கிளையையோ வைத்துவிட்டு முதியவர் ஒருவர் குடை நிழலிற் காவலிருப்பார். சட்டப்படி அது குற்றமாகலாம். ஆயினும் ஈரநெல்லை அடிமாட்டு விலைக்கு விற்க மனமில்லாத குடியானவனின் நியாயம் எனக்கு விளங்குகிறது.

இத்தகைய வீதியில் வேகத்தின் கணக்கைச் சற்று நோக்குவோம். மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் வரும் கார், சாரதி ஆபத்தைக் கண்டு பிறேக்கை மிதிக்க எடுக்கும் ஒன்றரைச் செக்கனையும் சேர்த்து, உலர்ந்த வீதியில் ஏறத்தாழ 25 மீற்றரில் நிற்கும். 70 கிலோமீற்றரில் அது 55 மீற்றருக்கு மேலாகும். வேகம் இரு மடங்குகூட ஆகவில்லை. மோதலின் வலுவோ மூன்று மடங்காகிவிடுகிறது. இன்னொரு கணக்கு: 50 கிலோமீற்றரிற் செல்லும் லொறியை 70 இல் முந்துவதற்கு எட்டுச் செக்கன்கள் வேண்டும். எதிரேயும் ஒருவர் அதே வேகத்தில் வரக்கூடுமாகையால் 300 மீற்றருக்கு மேல் வெறுமையான வீதி தேவை. சாரதிப் பரீட்சைக்குப் படிக்கும் எவரும் இதனை அறிவர். ஆனால் ‘வெறுமையான வீதி’ என்பதன் பொருள் யாது? எதிரே வாகனம் இல்லை என்பதா, எதிரே எவரும் இல்லை என்பதா?

இக்கேள்வி எனக்கு ஏட்டுக் கேள்வியன்று. என் சிறிய தந்தையார் ஒரு மாலை வயலிலிருந்து துவிச்சக்கர வண்டியில் திரும்பிக்கொண்டிருந்தார். தமக்குரிய இடப்பக்கத்தில், வெள்ளைக் கோட்டின் விளிம்பில் வந்தார். எதிர்த் திசையில் ஒரு லொறியும் அதன் பின்னால் ஒரு வானும். வான் சமிக்ஞை காட்டி, முறிகோடு இருந்த இடத்தில், விதிக்கப்பட்ட வேகத்துக்கு உட்பட்டே லொறியை முந்தியது. அதன் பக்கக் கண்ணாடி கைபிடியில் தட்டியதில், காபெட் விளிம்பிலிருந்து சரளைக்குச் சரிந்த வண்டியோடு அவர் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. வானைச் செலுத்திய இளைஞன் ஓடிப்போகவில்லை. அவனே வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றான். “வீதி கிளியராத்தான் இருந்தது ஐயா” என்று அவன் பல முறை சொன்னான். அவன் பொய் சொல்லவில்லை என்றே நம்புகிறேன். அவன் பார்த்த வீதியில் வாகனம் எதுவும் வரவில்லை. சிறிய தந்தையார் பிழைத்தார். ஆனால் துவிச்சக்கர வண்டியில் மீண்டும் ஏறவில்லை. நாற்பது ஆண்டுகள் தம் கையாற் செய்த வயலைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டு முற்றத்திற் கதிரையைப் போட்டு அமர்ந்தார். இலங்கையில் ஆண்டுதோறும் 2000 க்கு மேற்பட்டோர் வீதியில் மாள்கின்றனர். அந்தக் கணக்கில் இவர் இல்லை.

வீதியில் நாம் பேசும் மொழியும் தெளிவற்றது. முன்செல்லும் லொறி வலப்பக்க விளக்கை மினுக்கினால் ‘நான் வலப்பக்கம் திரும்புகிறேன்’ என்றும் கொள்ளலாம், ‘முந்தாதே, எதிரே ஆள்’ என்றும் கொள்ளலாம். இடப்பக்க விளக்கு ‘நிற்கப் போகிறேன்’ என்பதாகவும் இருக்கலாம், ‘நீ போ’ என்பதாகவும் இருக்கலாம். முகப்பு விளக்கைச் சிமிட்டினால் இங்கிலாந்திற் பெரும்பாலும் ‘நீர் முதலிற் செல்லும்’ என்று பொருள். இங்கே ‘நான் வருகிறேன், விலகு’ என்று பொருள். ஒரே சைகை கடல் கடந்ததும் பணிவிலிருந்து அதட்டலாகிவிடுகிறது! இருபொருட்படப் பேசுவது கவிதைக்கு அணியாகலாம். முந்துவதா வேண்டாமா என்று தீர்மானிக்க இரண்டு செக்கன்களே உள்ள இடத்தில் அது ஆபத்து.

இந்நிலையில்தான் சாரதிக்கு உதவும் இயந்திரங்கள் எங்கள் வீதிக்கு வந்துள்ளன. முன்செல்லும் வண்டி நெருங்கினால் எச்சரிக்கும் கருவியை யப்பானிய நிறுவனமான மிற்சுபிசி 1992 இலேயே காரிற் பொருத்திற்று. தடத்தை விட்டு விலகாமற் காக்கும் பொறியை நிசான் 2001 இல் அறிமுகஞ் செய்தது. யப்பானில் ஓடிய கார்களே இலங்கைக்குப் பெருமளவில் வந்தமையால், கண்ணாடியின் மேற்புறத்திற் சிறு கமரா பொருத்திய வண்டிகள் கொட்டியாரத்துச் செம்மண் ஒழுங்கைகளிலும் தென்படலாயின. அவற்றுட் சில இன்னமும் யப்பானிய மொழியிலேயே பேசுகின்றன. இயந்திரத்தை இயக்கியதும் ஒரு பெண்குரல் மிகுந்த பணிவோடு ஏதோ அறிவிக்கும். அந்நாட்டுச் சுங்கச் சாலைகளுக்குரிய அட்டை செருகப்படவில்லை என்பதே அவ்வறிவிப்பு. கிளிவெட்டிச் சந்தியில் அவ்வட்டைக்கு யாது வேலை?

கனடாவிலிருந்து வந்திருந்த என் மைத்துனர் அத்தகைய வண்டியொன்றை வாடகைக்கு எடுத்திருந்தார். ரொறன்ரோவின் 401 ஆம் நெடுஞ்சாலையில் இருபது ஆண்டுகள் ஓடியவர். தட ஒழுக்கத்தில் அவரை விஞ்ச ஆளில்லை. மேன்காமத்துக்கு அண்மையில் இடத்தடம் முழுவதும் நெல் விரித்திருந்தது. அவர் சமிக்ஞை காட்டாமல் வலப்பக்கம் ஒதுங்கவே, வண்டி கீச்சிட்டு எச்சரித்துச் சுக்கானை மெல்ல நெல்லின் பக்கமாகத் திருப்ப முயன்றது. நடுக்கோட்டைக் கண்ட கமராவுக்கு நெல் ஒரு பொருளாகத் தெரியவில்லை. காவலிருந்த பெரியவர் எழுந்து வந்து, “தம்பி, மெல்லமாப் போங்கோ, நெல்லுக் காயுது” என்றார். மைத்துனர் என்னைப் பார்த்து, “மச்சான், இது ரோட்டா களமா?” என்றார். “ரெண்டுந்தான்” என்றேன். நீதியாகச் சொன்னால் அப்பொறியிலும் ஒரு நல்லாசிரியன் இருக்கிறான். சமிக்ஞை காட்டிவிட்டு ஒதுங்கினால் அது மௌனமாகும். அன்று மாலைக்குள் மைத்துனர் ஒவ்வொரு முறையும் சமிக்ஞை காட்டப் பழகிவிட்டார்.

இயந்திரம் எதைக் காண வேண்டும் என்பதை அதனை ஆக்கியோரின் ஊரே தீர்மானிக்கிறது. சுவீடனின் வொல்வோ நிறுவனம் தன் நாட்டுக் கடமான்களை மனத்திற் கொண்டு பெருவிலங்குகளை இனங்காணும் பொறியை அமைத்தது. 2017 இல் அதனை அவுஸ்திரேலியாவிற் சோதித்தபோது கங்காருவின் துள்ளல் அதனைக் குழப்பிற்று. விலங்கு மேலெழும்போது தொலைவிலுள்ளதாகவும் நிலத்தில் இறங்கும்போது அருகிலுள்ளதாகவும் பொறி கணித்தது. ஐரோப்பியச் சோதனைகளில் வீதியில் நிறுத்தப்படும் பொம்மைகள் வளர்ந்தவர், சிறுவர், துவிச்சக்கர வண்டியோட்டி, மோட்டார் சைக்கிளோட்டி ஆகியோரின் உருவங்கள். இருளில் வீதி நடுவே படுத்து அசைபோடும் எருமைக்கு அங்கே பொம்மை இல்லை.

வேகத்தை ஒரே சீராக வைத்திருக்கும் பொறியை அமெரிக்காவில் வகுத்தவர் ரால்ப் ரீற்றர். அவர் ஐந்து வயதிலேயே பார்வையை இழந்தவர். தம்மை ஏற்றிச் சென்ற வழக்கறிஞர் பேசும்போது வண்டியை மெதுவாக்கியும் கேட்கும்போது விரைவாக்கியும் செலுத்திய குலுக்கலே அவரை இதற்குத் தூண்டியது என்று சொல்லப்படுகிறது. 1950 இற் காப்புரிமை பெற்ற அப்பொறி 1958 ஆம் ஆண்டுக்குரிய கிறைஸ்லர் கார்களில் இடம்பெற்றது. வண்டியோட்டியவருக்குத் தோன்றாத குறை, வீதியையே காணாத ஒருவருக்குத் தோன்றியது. வேகத்தை உள்ளபடி அறிபவர் அதனைச் செலுத்துபவர் அல்லர். என் சிறிய தந்தையார் முற்றத்துக் கதிரையில் இருந்தபடியே, கண்ணை மூடிக்கொண்டு, ரயரின் இரைச்சலைக் கேட்டு, “இது எழுபதுக்கு மேல” என்பார். அவர் கூற்று அநேகமாகச் சரியாகவே இருக்கும்.

ஆகவே இவ்வுதவிப் பொறிகளுள் எங்கள் வீதிக்கு வேண்டியது எது என்று என்னைக் கேட்டால், தடத்தைக் காப்பதன்று, வேகத்தை அடக்குவதே என்பேன். தடத்தைக் காக்கும் பொறி தடத்துக்குள் இருப்பவரையே பெரிதும் காக்கிறது. வேகத்தைக் குறைத்தலோ விளிம்பில் நடக்கும் பிள்ளைக்கும் மாட்டுக்கும் பயன்படுவது. 2024 ஜூலை முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கப்படும் புதிய கார்கள் யாவற்றிலும் வேக எல்லையை அறிந்து சாரதிக்கு நினைவூட்டும் பொறி கட்டாயமாக்கப்பட்டுள்ளது. சாரதி விரும்பினால் அதனை அணைத்துவிடலாம் என்ற சலுகையும் உண்டு. அச்சலுகையே அதன் பலவீனம். நடப்போரும் வாகனங்களும் கலந்து செல்லும் இடங்களில் 30 கிலோமீற்றரே மேல் எல்லையாக வேண்டும் என 2020 இல் ஸ்ரொக்ஹோம் பிரகடனம் கேட்டுக்கொண்டது. கிளிவெட்டிச் சந்தியில் அதனைச் சொன்னால் நகைப்பர். நகைப்பவர் பெரும்பாலும் வாகனத்துள் இருப்பவர்.

மைத்துனர் திரும்பிச் செல்வதற்கு முன்தினம் நாங்கள் வெருகல் முருகன் கோயிலுக்குப் புறப்பட்டோம். சிறிய தந்தையாரும் பின்னிருக்கையில் இருந்தார். குடிமனைகள் கடக்கும் வரை மைத்துனர் அப்பொறியை 40 இல் நிறுத்திவைத்தார். பின்னால் வந்த தனியார் பேருந்தொன்று இடைவிடாது ஒலியெழுப்பி, முகப்பு விளக்கைச் சிமிட்டி, எங்களை முந்திச் சென்றது. சேருநுவரச் சந்தியில் அதனை மீண்டும் கண்டோம். ஆட்களை ஏற்றுவதற்காக நின்றுகொண்டிருந்தது. சிறிய தந்தையார் கண்ணாடியை இறக்கச் சொல்லி, அதன் சாரதியை ஒரு கணம் பார்த்தார். அவன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.