எட்டுக் கஜத் துணியும் எட்டு மணி நேரப் பயணமும்



கடல் கடந்து செல்லும் தங்கள் தந்தையாரை என்ன உடை உடுத்தி விமானம் ஏற்றுகிறீர்கள்? பயணக் கட்டுரையை இப்படியொரு கேள்வியோடு தொடங்குவதற்குக் காரணம் இருக்கிறது.

2009ஆம் ஆண்டு என் வாப்பாவை லண்டனில் வாழும் என் தங்கை வீட்டிற்கு அழைத்துச் சென்றேன். ஆயுள் முழுவதும் கைலியும் வெள்ளைச் சட்டையுமாக வாழ்ந்தவர் அவர். நான் புதிய காற்சட்டை தைத்துக் கொடுத்தேன். தோல் வாரும் சப்பாத்தும் வாங்கிக் கொடுத்தேன். கைப்பையில் அவர் ஒரு கைலியை மடித்து வைத்திருந்தார். “உள்ளே போய்க் கட்டிக்கலாம்ல தம்பி?” என்று கேட்டார். நாலு பேர் பார்ப்பார்களே என்று அதை எடுத்துப் பெரிய பெட்டிக்குள் வைத்துப் பூட்டியவன் நான்தான். பத்து மணி நேரத்திற்கும் மேலான அந்தப் பயணத்தில் அவர் ஒருமுறைகூட முகம் சுளிக்கவில்லை. ஆனால் லண்டனில் இறங்கும்போது பாதங்கள் வீங்கிச் சப்பாத்தினுள் நுழைய மறுத்தன. வயிற்றில் வாரின் தடம் சிவந்து கிடந்தது. சக்கர நாற்காலியில் வைத்து வெளியே கொண்டுவந்தோம். மர்ஹூமாகிவிட்ட அவரிடம் இதற்காக நான் மன்னிப்புக் கேட்டதே இல்லை.

இனி ஸ்காட்லாந்திற்கு வாருங்கள்.

2018ஆம் ஆண்டு, கிளாஸ்கோ நகரில் படித்து முடித்த என் மகனின் பட்டமளிப்பு விழாவிற்காகப் புறப்பட்டேன். சென்னையிலிருந்து துபாய், அங்கிருந்து கிளாஸ்கோவிற்கு ஏறத்தாழ 8 மணி நேரம். என் பக்கத்து இருக்கைக்கு வந்தவர் எழுபதைத் தாண்டிய ஸ்காட்லாந்துக்காரர். இடுப்பிலே கட்டம் போட்ட கம்பளிப் பாவாடை, முழங்கால் வரை தடித்த காலுறை. ஆம், படங்களில் நாம் கண்டு சிரித்திருக்கிறோமே, அந்தக் கில்ட்தான். உட்காருமுன் இரு கைகளாலும் பின்புறக் கொசுவங்களைக் கீழ்நோக்கித் தடவிச் சமன்செய்துவிட்டு, நம் வீட்டுப் பெண்மணிகள் பட்டுச்சேலையோடு அமர்வது போலப் பக்குவமாக அமர்ந்தார். முன்னே தொங்கிய தோல்பையைத் தொடைகளுக்கிடையே இறக்கிவிட்டார். விரசமாக எதுவும் தெரியவில்லை.

மெல்போர்னில் பேத்தியின் திருமணம் முடித்து வருகிறாராம். அங்கிருந்து துபாய்க்கே 14 மணி நேரம். அத்தனை தொலைவும் இதே உடையா என்று வியந்தேன். அவர் சொன்ன காரணம் மிக எளியது. நல்லதொரு கில்ட்டிற்கு 8 கஜம் கம்பளித் துணி செல்லும். பெட்டியில் திணித்தால் கொசுவம் கலைந்துவிடும். பெட்டியின் எடையும் ஏறிவிடும். உடுத்திக்கொண்டால் இரண்டு தொல்லையும் இல்லை. அத்துடன், “இடுப்பைப் பாருங்கள்” என்று பக்கவாட்டுத் தோல்வாரைக் காட்டினார். விருந்து உண்டதும் ஒரு துளை தளர்த்திவிட்டார். சப்பாத்தைக் கழற்றிக் காலுறையையும் அதைப் பிடித்திருந்த பட்டியையும் கணுக்கால்வரை சுருட்டி இறக்கிவிட்டார். மணிக்கொருமுறை எழுந்து நடந்தார். முழங்கால் குளிர்ந்தபோது விமானத்தில் தந்த போர்வையை இழுத்துக்கொண்டார்.

குறைகளையும் அவர் ஒளிக்கவில்லை. கம்பளி கனமானது, வெப்ப நாட்டு நிலையங்களில் வியர்த்துக் கொட்டும். கொசுவம் முழுவதும் பின்னால் இருப்பதால் ஒரு சிறு மெத்தைமீது அமர்ந்தது போலிருக்கும். கொக்கிகளும் துணியில் குத்திய ஊசியும் சோதனை வாயிலில் ஓசை எழுப்பும். காலுறையில் செருகும் சிறு கத்தி உண்டு. அதைச் சரக்குப் பெட்டியில்தான் அனுப்ப வேண்டும். கில்ட்டின் உள்ளே எதுவும் அணிவதில்லை என்ற பழைய கேலியைப் பற்றித் தயங்கித் தயங்கிக் கேட்டேன். விமானத்தில் ஏறுகிறவனுக்கு அரைக்காற்சட்டை அவசியம் என்று சிரித்தார்.

அந்தத் தோல்பையின் பெயர் ஸ்போரன். கில்ட்டிற்குச் சட்டைப்பை கிடையாது. ஆகவே பணத்திற்கும் சாவிக்கும் இது. பார்த்த மாத்திரத்தில் எனக்கு வாப்பாவின் அகன்ற பச்சை பெல்ட்டும் அதில் பொத்தான் வைத்த பையும் நினைவுக்கு வந்தன. பைகளில்லாத உடைக்கு மனிதர்கள் எங்கும் ஒரே வழியைத்தான் கண்டுபிடித்திருக்கிறார்கள்!

பட்டமளிப்பு முடிந்த மறுநாள் மகனும் நானும் எடின்பரோ சென்றோம். ரயிலில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. கோட்டையிலிருந்து சரிந்து இறங்கும் ராயல் மைல் வீதியில் கடைதோறும் கட்டத் துணிகள். மூலைக்கொருவர் பைக்குழல் ஊதுகிறார். இந்த உடைக்காகச் சிறை சென்ற காலமும் உண்டென்பதை அந்த வீதியில் நின்றால் நம்ப முடியாது. 1746ஆம் ஆண்டு கல்லோடன் போரில் மலைநாட்டுப் படை தோற்றதும், அவ்வுடையைத் தடுத்து லண்டன் சட்டம் இயற்றியது. முதல் குற்றத்திற்கு ஆறு மாதச் சிறை. மறுமுறை பிடிபட்டால் ஏழாண்டு நாடுகடத்தல். அரசரின் படையில் சேர்ந்தவர்களுக்கு மட்டும் விலக்கு. 1782இல்தான் தடை நீங்கியது. பிறகு 1822இல் நான்காம் ஜார்ஜ் மன்னரே எடின்பரோவுக்கு வந்து கில்ட் அணிந்து நின்றார். வரவேற்பை ஏற்பாடு செய்தவர் நாவலாசிரியர் வால்டர் ஸ்காட். அடக்கியவர்களின் அரசவையிலேயே அது அலங்கார உடையாயிற்று.

நம் கைலியை எந்த அரசும் தடை செய்யவில்லை, வாசகர்களே. நாமாகவே பூட்டி வைத்தோம். பழவேற்காட்டுத் துறைமுகத்திலிருந்து சென்ற கட்டம் போட்ட துணியை மலாய் மக்கள் இன்றும் அவ்வூர்ப் பெயரால் ‘பெலிக்காட்’ என்றே அழைத்து உடுத்துகிறார்கள். நாம்தான் விமான நிலையத்தில் அதைக் கண்டு கூசுகிறோம்.

ஸ்காட்லாந்து முஸ்லிம்களுக்கென்றும் ஒரு கட்டத் துணி இருக்கிறது. 2012இல் வடிவமைக்கப்பட்டது. ஸ்காட்லாந்துக் கொடிக்காக நீலம், இஸ்லாத்திற்காகப் பச்சை, ஐந்து கடமைகளுக்காக ஐந்து வெண்கோடுகள், ஈமானின் ஆறு அம்சங்களுக்காக ஆறு பொற்கோடுகள், கஅபாவுக்காக ஒரு கருஞ்சதுரம். கேட்கவே இனிக்கிறது. எனினும் கில்ட்டின் விளிம்பு முழங்காலின் நடுவிலே முடிகிறது. அமர்ந்தால் இன்னும் ஏறும். தொப்புள் முதல் முழங்கால் வரை மறைக்க வேண்டிய நமக்குக் கணுக்கால்வரை இறங்கும் கைலியே பொருத்தம்.

உம்ராவுக்குப் புறப்படும் ஆண்களை நினைத்துப் பாருங்கள். தைக்காத இரு துணிகளோடு விமானத்தில் வரிசையாக அமர்ந்திருக்கிறார்கள். பெரும் செல்வரும் அப்படித்தான் செல்கிறார். அங்கே வராத வெட்கம் லண்டன் விமானத்தில் மட்டும் எங்கிருந்து வருகிறது?

இது வெறும் கௌரவப் பிரச்சினை அன்று. நான்கு மணி நேரத்திற்கு மேல் அசையாது அமர்ந்து பயணம் செய்தால், காலின் ஆழ்நரம்புகளில் இரத்தம் உறைவதற்கான வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்காகிறது என்று 2007ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஆரோக்கியமானவர்களுக்கு அந்த வாய்ப்பு மிகக் குறைவே. ஆயினும் இறுக்கமான உடையைத் தவிர்க்கவும், கணுக்காலை மேலும் கீழும் அசைக்கவும் அதே அறிவிப்பு சொன்னது. முன்பே இந்நோய் கண்டவர்கள் மருத்துவரைக் கேட்டுத்தான் பயணம் செய்ய வேண்டும், கைலி மருந்தாகாது.

பெரியவர்களுக்குக் கட்டிவிடுவதென்றால் மூட்டிய கைலியாக இருக்கட்டும். உள்ளே தளர்வான அரைக்காற்சட்டை அவசியம். உறக்கத்தில் முடிச்சு அவிழும். இருக்கைப் பட்டியைக் கைலியின் மேலே தளர்வாகப் போடவும். நடைவழியில் விளிம்பை மிதித்துத் தடுமாறாதபடி இரண்டு விரற்கடை உயர்த்திக் கட்டுவது நல்லது. பச்சை பெல்ட்டைச் சோதனைக்கு முன்பே கழற்றித் தட்டில் வைத்துவிடுங்கள்.

திரும்பும் பயணத்தில் என் கைப்பையில் வாப்பாவின் கைலி ஒன்று இருந்தது. ஊரிலிருந்தே எடுத்துச் சென்றது. விடுதியில் உறங்கும்போது உடுத்துவதற்கென்று. கிளாஸ்கோவில் காற்சட்டையோடுதான் ஏறினேன். விளக்கணைத்த பிறகு கழிவறைக்குச் சென்று கைலிக்கு மாறி வந்தேன். எவரும் திரும்பிப் பார்க்கவில்லை. துபாயில் இறங்கி, அந்தப் பெரிய நிலையத்தில் கைலியோடே நடந்து, சென்னை விமானத்தின் வரிசையில் நின்றேன். பாதங்கள் வீங்கவில்லை.

சென்னை நெருங்கியபோது வெளியே உறவினர்கள் காத்திருப்பார்களே என்ற எண்ணம் வந்தது. எழுந்து சென்று மறுபடியும் காற்சட்டை மாட்டிக்கொண்டேன் என்பதையும் தங்களிடம் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.