பசறை றோட்டுச் சந்தி

"தம்பி, நீ சயன்ஸ் படிச்சுக் குடுத்தவன்தானே, இதுக்கு ஒரு மருந்து இல்லையா?"

தாத்தா இப்படிக் கேட்டபோது அவளது மகன் குசினி வாசற்படியில் குந்தியிருந்தான். தூளை விட்டுப் புனர்வாழ்வு நிலையத்திலிருந்து வந்து நான்கு மாதம். பதுளை பஸாரில் எங்கும் போய் வருவான். பசறை றோட்டில் முன்பு தூள் வாங்கிய சந்தியைக் கண்டால் மட்டும் உள்ளங்கை வேர்த்துவிடும்.

நமுனுகுல அடிவாரத்துத் தோட்டப் பாடசாலையில் இருபத்திரண்டு வருடம் படிப்பித்தவன் நான். கஞ்சா வேலை செய்வதற்கென மூளையில் ஓர் ஏற்பி இருப்பது 1988இல்தான் தெரிய வந்தது. அதில் பொருந்தும் ஒரு பொருளை நம் உடலே உண்டாக்குகிறது என்று 1992இல் கண்டவர்கள், 'ஆனந்தம்' என்ற சொல்லைக்கொண்டே அதற்கு ஆனந்தமைட் எனப் பெயரிட்டார்கள். ஆசையையும் நினைவையும் பிணைப்பதில் இத்தொகுதிக்குப் பங்குண்டு. போதை மருத்துவர்களின் கண் இதில் விழுந்தது அதனால்தான்.

அந்த ஏற்பியை அடைக்கும் றிமோனபான்ட் என்ற மருந்துக்கு 2006இல் ஐரோப்பா அனுமதி கொடுத்தது. உடற்பருமனுக்கென வந்தாலும், சிகரெட்டை விடவும் உதவுமா என்று சோதித்தார்கள். ஆனால் பாவித்தவர்களில் சிலருக்கு மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் வரவே 2008இல் நிறுத்தினார்கள். ஆசையை அடைக்கப்போய் மகிழ்ச்சியையும் அடைத்துவிட்டார்கள் போலும்.

2019இல் அமெரிக்காவில் வேறு வழியில் முயன்றார்கள். ஹெரோயினை விட்டிருந்த 42 பேரில் சிலருக்குக் கஞ்சாச் செடியிலிருந்து பிரித்த, போதை தராத கன்னாபிடியோலை மூன்று நாள் கொடுத்தார்கள். போதையை நினைவூட்டும் காட்சிகளைக் கண்டபோது அவர்களுக்கு எழுந்த வேட்கையும் பதற்றமும் குறைந்தன. ஒரு வாரத்தின் பின்னும் அந்தப் பலன் தெரிந்தது.

"அப்ப மாமா, வெல்லவாயப் பக்கத்துக் கஞ்சா மருந்துதானே?" என்றான் மருமகன்.

"இல்ல மகன். அவங்க குடுத்தது அளந்து எடுத்த ஒரு பொருள். சுருட்டில போதை தாறது வேற பொருள். நாற்பத்திரண்டு பேரோட முடிஞ்ச ஆய்வை நம்பி நீ திரும்பப் புகைக்க ஏலாது."

சொல்லும்போதே நா தடுமாறியது. முதன்முதல் அவன் சட்டையில் கஞ்சா மணத்தபோது, "பெடியன்தானே, விடுவான்" என்று குடும்ப மானத்துக்குப் பயந்து தாத்தாவிடம் மறைத்தவன் நான்தான். அதை அன்று அவளிடம் சொன்னேன். அவள் அழவில்லை. தேத்தண்ணியை என் பக்கம் தள்ளி வைத்தாள், அவ்வளவுதான்.

மஃரிப் தொழுதுவிட்டு இப்போது நாங்கள் இருவரும் ஒன்றாக நடந்தே வீடு திரும்புகிறோம். நேற்று பள்ளிவாசல் படியிறங்கும்போது அவனே சொன்னான்:

"மாமா, இண்டைக்கும் மற்ற றோட்டால போவோம்."