கயிறு கட்டின கருவாடு

பூனைக்கு பெல்ட் மாட்டி, கயிறு பிடிச்சு வாக்கிங் கூட்டிட்டுப் போறதெல்லாம் அண்ணா நகர்லயோ பெசன்ட் நகர்லயோ நடக்க வேண்டிய விஷயம். திருவொற்றியூர்ல நடந்தா என்ன ஆகும்?

"இன்னா தம்பி, பூனைய இஸ்துகினு போற?" - இது டீக்கடை அண்ணன்.

"அது இன்னா கண்ணு திருடிச்சு, கயித்துல கட்டி இட்டுனு போற?" - இது மீன் விக்கிற ஆயா.

ஆயா கேட்டதுல நியாயம் இருக்கு. ஏன்னா பூனையோட பேரே கருவாடு. சாம்பல் கலர் நாட்டுப் பூனை. ஆனா டீக்கடை அண்ணன் சொன்னது தப்பு. இழுத்துட்டுப் போறது கருவாடுதான், நான் சும்மா பின்னாடி போறேன் :-)

நாய் வாக்கிங் மாதிரி இதை நினைச்சுக்காதீங்க மக்களே. நாய் நம்மகூட நடக்கும். பூனை ஆடிட் பண்ணும். ஒவ்வொரு வீட்டு வாசலா மோந்து பாத்து, சைக்கிள் டயரை செக் பண்ணி, ஒரு காக்காயை பத்து நிமிஷம் முறைச்சு... அரை மணி நேரத்துல நாலு வீடு தாண்டினா பெரிய விஷயம். நடுவுல அது ரோட்டைக் கடந்தா ஆட்டோக்காரர் ஒருத்தர் பிரேக் போட்டு, சகுனம் சரியாகட்டும்னு வெயிட் பண்ணிட்டுத்தான் போவார்.

சரி, எதுக்கு இந்த வேலை? ஆபீஸ்ல புடுங்குற ஆணி பத்தலையான்னு நண்பர்கள் கேக்குறாங்க. அதுக்கு பதில் கொஞ்சம் சீரியஸ்.

2023 டிசம்பர் 26 ராத்திரி எண்ணூர்ல என்ன நடந்ததுன்னு ஞாபகம் இருக்கும். உரத் தொழிற்சாலைக்கு அம்மோனியா கொண்டு வர்ற கடலடிக் குழாய்ல கசிவு. பெரியகுப்பம், சின்னகுப்பம் ஜனங்க நடு ராத்திரியில கண் எரிச்சலோட, மூச்சு முட்டி, பிள்ளைங்களைத் தூக்கிட்டு ரோட்டுக்கு ஓடி வந்தாங்க. பல பேரை ஆஸ்பத்திரியில சேர்க்க வேண்டியதாச்சு. எங்க சித்தி வீடும் அந்தப் பக்கம்தான். சித்தி, சித்தப்பா, ரெண்டு பசங்க எல்லாரும் எப்படியோ வெளிய வந்துட்டாங்க. அவங்க பூனை வரல. சத்தம் கேட்டதும் பரண்ல ஏறி ஒளிஞ்சுக்கிச்சு. கூப்பிட்டா வர்ற ஜென்மமா அது? தேடவும் நேரமில்ல. மறுநாள் திரும்பிப் போனப்போ பரண் காலி. அப்புறம் அது வரவே இல்ல. சித்தியோட சின்னப் பையன் ரொம்ப நாள் மத்தி மீன் தலையை வாசல்ல வச்சுட்டு உக்காந்திருந்தான்.

அதுக்கு அப்புறம்தான் கருவாடு என்கிட்ட வந்துச்சு. வந்த மாசமே பெல்ட் வாங்கிட்டேன். பூனை பயந்தா ஓடாது, ஒளியும். எங்க ஏரியாவில நமக்குத் தேவை ஒளியுற பூனை இல்ல, கிளம்புற பூனை. கயிறும் கூடையும் அதுக்குப் பழகின பொருளா இருந்தா அவசரத்துல தூக்கிட்டு ஓடலாம். வாக்கிங்ங்கிறது அதுக்கான ரிகர்சல்.

பழக்குறது எப்படி?

முதல் சில நாள் பெல்ட்டை சாப்பாட்டுத் தட்டு பக்கத்துல சும்மா போட்டு வைக்கணும். அப்புறம் ரெண்டு நிமிஷம் மாட்டி, ஏதாவது திங்கக் குடுத்து, கழட்டிடணும். முதல் தடவை மாட்டினதும் பழைய படத்து க்ளைமாக்ஸ் மாதிரி பொத்துனு சாஞ்சிடும். பயப்படாதீங்க, நடிப்பு. அப்புறம் வீட்டுக்குள்ள, அப்புறம் மொட்டை மாடி, கடைசியாத்தான் தெரு.

கழுத்துல மட்டும் மாட்டுற பட்டையில கயிறு கட்டவே கூடாது, மூச்சுக்குழாய் நசுங்கும். நெஞ்சைச் சுத்தி மாட்டுறதுதான் வேணும். பெல்ட்டுக்கும் உடம்புக்கும் நடுவுல ரெண்டு விரல் நுழையுற இடம் போதும். பூனையோட காறை எலும்பு மத்த எலும்போட சேராம தசைக்குள்ள மிதக்குற மாதிரி இருக்கும். அதனாலதான் சின்னச் சந்துலயும் நுழையுது, பெல்ட்லருந்தும் பின்பக்கமா நழுவுது. அது பின்னாடி போனா கயித்தை இழுக்காதீங்க, நீங்களும் அது பக்கமாப் போங்க.

நாங்க போறது காலைல அஞ்சரைக்கு. அப்போதான் கண்டெய்னர் லாரி ஹாரன் கம்மி, தார் ரோடும் சுடாது. புறங்கையை ரோட்டுல வச்சு ஏழு எண்ணுற வரைக்கும் தாங்கலைன்னா அதுக்கும் தாங்காது. தெரு நாய் வந்தா உள்ள போட தோள்ல ஒரு பை. ரேபிஸ் ஊசி கட்டாயம். வேப்பேரியில 1903-ல ஆரம்பிச்ச கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கே, அப்புறம் என்ன?

இன்னொண்ணு, வீட்டுக்கு வந்ததும் காலைத் துடைக்கணும். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட எண்ணெய் கலந்து எர்ணாவூர் பக்கம் வீட்டுச் சுவரெல்லாம் கறுப்பாச்சே, எண்ணூர் முகத்துவாரத்துல கூழைக்கடா எல்லாம் எண்ணெய் பூசி நின்னுச்சே. பூனை கால்ல ஒட்டுறது எல்லாம் அது நாக்குக்குத்தான் போகும்.

நிற்க. 2020 பிப்ரவரியில சென்னைத் துறைமுகத்துல சீனாவிலிருந்து வந்த கண்டெய்னர் ஒண்ணைத் திறந்தா உள்ள ஒரு பூனை! கொரோனா பயத்துல அதைத் திருப்பி அனுப்பப் பாத்தாங்க. விலங்கு நல அமைப்பான பீட்டா சண்டை போட்டு, ஏப்ரல்ல அவங்ககிட்ட ஒப்படைச்சாங்க. பூனைக்கும் கொரோனா வரும்னு பின்னாடி தெரிஞ்சது. ஆனா மனுஷங்களுக்குப் பரப்புறதுல அதுங்க பங்கு ரொம்பக் கம்மி. எனக்குத் தோணினது வேற: இது என்னோட பூனைன்னு சொல்ல ஆள் இல்லைன்னா அது வெறும் சரக்கு. தெருவுல கருவாடு முதுகுல இருக்குற சிவப்பு பெல்ட், இதுக்கு ஆள் இருக்குன்னு சொல்லுது.

எல்லாப் பூனைக்கும் இது ஒத்து வராது. பயந்த பூனைக்கு தெரு ஒரு தண்டனை, அதுக்கு வீட்டு விளையாட்டே போதும். கூடைக்கு மட்டும் பழக்குங்க. ஒரு தடவை வெளிய ருசி கண்டா தினம் கதவுல நின்னு கத்தும், அதையும் யோசிச்சுக்கோங்க. (எனக்கு இப்போ அலாரம் தேவையே இல்ல.)

எங்க வீட்டுக் கதவு பக்கத்துல ஒரு பை தொங்குது. பெல்ட், கயிறு, துண்டு, ஒரு பாட்டில் தண்ணி. அம்மோனியா தண்ணியில கரையும், ஈரத்துணி மூக்குல வச்சுக்கிட்டா கொஞ்சம் உதவும். பெல்ட் பக்கிள் 'டிக்'னு சத்தம் கேட்டாலே கருவாடு கட்டிலுக்கு அடியிலிருந்து வெளிய வந்து நிக்குது. ரெண்டு வருஷ உழைப்பு அந்த ஒரு 'டிக்'குல இருக்கு.

சித்தி வீட்டுக்கு இப்போ புதுசா ஒரு குட்டி வந்திருக்கு. சின்னப் பையனுக்கு வர்ற ஞாயித்துக்கிழமை முதல் கிளாஸ். ஃபீஸ், ஒரு தட்டு வஞ்சிரம் வறுவல்.